சுவரில் எழுதிய நம்பர்

அத்தியாயம் 18

காலை ஆறே முக்காலுக்கு மெஹ்ஜபீனின் போன் அடித்தது. அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஜான் பீ, கையிலிருந்த தட்டை டங்கென்று வைத்தாள்.

"எடுக்காத."

"யாருன்னு பாக்கறேன் அம்மி."

"யாரா இருந்தா என்ன? நம்ம சொந்தக்காரங்க எவனாச்சும் இந்நேரத்துக்குப் போன் போடுவானா? அந்தச் சுவருதான் போடுது."

சுவர் என்று ஜான் பீ சொன்னது ஒரு சுவர் அல்ல, நாற்பத்திரண்டு சுவர். மூன்று வருடத்துக்கு முன்னால் மெஹ்ஜபீன் வளர்கிளை டிரஸ்டில் சேர்ந்த புதிதில், கடத்தூர் ஒன்றியத்தின் ஊர்களில் மஞ்சள் பெயின்ட்டில் எழுதினார்கள். 'பதினெட்டு ஆகாத பெண்ணுக்குக் கல்யாணமா? இந்த நம்பருக்குச் சொல்லுங்கள்.' ஆபீஸ் சிம் வர நாளாகும் என்றார் டைரக்டர் மாதவராஜ். "அதுவரைக்கும் என் நம்பரப் போட்டுக்கலாம் சார்" என்று இவளே முந்திக்கொண்டு சொன்னாள். அப்போது வயது இருபத்திரண்டு, அவ்வளவு உற்சாகம். ஆபீஸ் சிம் இன்றுவரை வரவில்லை.

அந்த மஞ்சள் பெயின்ட் என்ன செய்தது என்பதைப் போன வாரம் பார்த்தோம். கிருஷ்ணகிரி மாப்பிள்ளையின் மாமா கடத்தூர்ச் சந்தைக்கு வந்த இடத்தில் சுவரைப் பார்த்தார். தரகர் கொடுத்த காகிதத்தில் இருந்த பெண்ணின் நம்பரும் சுவரில் இருந்த நம்பரும் ஒன்றாக இருந்தன. "பொண்ணோட போன் நம்பரு ஊருக்கே தெரியுதே, இது நமக்குத் தோது வராதுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நல்ல இடம் கைவிட்டுப் போனதில் ஜான் பீ ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மெஹ்ஜபீன் போனை எடுத்தாள். எதிர்முனையில் ஒரு அப்பா, மகளுடைய ஸ்காலர்ஷிப் பாரத்தில் எங்கே கையெழுத்துப் போடுவது என்று கேட்டார். அவள் பொறுமையாகச் சொல்லிவிட்டு வைத்தாள்.

"கல்யாணத்த நிறுத்தறதுக்கு எழுதின நம்பரு. ஊர்ல ஒரு கல்யாணம் நிக்குதோ இல்லையோ, நம்ம வூட்டுக் கல்யாணம் நின்னு போச்சு" என்றாள் ஜான் பீ.

மெஹ்ஜபீன் டீயை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். அங்கே தங்கை தஸ்லீம், தலை சீவுவதாகப் பேர் பண்ணிக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தஸ்லீம் பி.காம். கடைசி வருடம். ஓசூரில் ஒரு தனியார் வங்கியின் கிளையில் வேலை கிடைத்து, கடிதம் வந்து மூன்று நாளாகிறது. இன்று மாலை ஐந்து மணிக்குள் சரியென்று மெயில் அனுப்ப வேண்டும். இவளோ வாயைத் திறக்கவில்லை. சீட் கவர் கடை வைத்திருக்கும் அப்பா முகம்மது கவுஸ், ரெக்சின் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் "சின்னவ பேங்க்ல சேரப் போறா" என்று சொல்லிவிட்டார்.

"அனுப்பிட்டியா?"

"சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு ஆபா."

"யோசிக்க என்ன இருக்கு அதுல?"

தஸ்லீம் சீப்பைக் கீழே வைத்தாள். "உன்கூடக் கடத்தூர் பக்கம் ரெண்டு வருஷமா லீவு நாளெல்லாம் சுத்தியிருக்கேன். அந்த ஊர்ல இருக்கற புள்ளைங்க பேரெல்லாம் எனக்குத் தெரியும். பேங்க்ல போயி கண்ணாடிக்குப் பின்னாடி உக்காரச் சொல்ற."

ஜான் பீ ஈரக் கையோடு வந்து வாசலில் நின்றாள். "ஜபீனு, இன்னிக்கு இவ காலேஜ்ல உன் பேச்சுதானே? புள்ளைங்களுக்கு எந்த வேலைக்குப் போலாம்னு சொல்லப் போறதானே? நல்லதா நாலு வார்த்த சொல்லு. முதல்ல இவளுக்குச் சொல்லு."

"சொல்றேன் அம்மி."

"நீ பட்டது போதும்னு சொல்லு."

மெஹ்ஜபீனுக்குச் சுருக்கென்றது. பட்டது என்று அம்மா சொல்வதில் பாதி பொய், பாதி உண்மை. எந்தப் பாதி எது என்று அவளுக்கே சில நாள் தெரிவதில்லை.

*

பைபாஸ் பக்கம் இருந்த அந்தக் கல்லூரியின் அரங்கில் ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். 'தொண்டு நிறுவனங்களில் உங்கள் எதிர்காலம்.' பேனரின் ஓரத்தில் வளர்கிளை டிரஸ்டின் பச்சை இலை. அதற்குப் பக்கத்திலேயே மாதவராஜ் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

ஐம்பது வயதுக்காரர். கதர்ச் சட்டை, தோளில் ஜோல்னாப் பை. யாரைப் பார்த்தாலும் சாப்பிட்டாச்சா என்று கேட்பார், கேட்டதை மனசாரவும் கேட்பார். அதனால்தான் அவர்மேல் முழுசாகக் கோபப்பட யாராலும் முடிவதில்லை.

"வா ஜபீன்மா. இந்தா, நீ பேசவேண்டியத எழுதிக் கொண்டாந்திருக்கேன். சர்வேக்கு இருபது புள்ளைங்க வேணும். சர்டிபிகேட் குடுக்கலாம். உருக்கமா பேசு, வந்துடுவாங்க."

அவள் காகிதத்தைப் பார்த்தாள். மனநிறைவு என்ற சொல் நாலு இடத்தில் இருந்தது. சம்பளம் என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை.

வேலைவாய்ப்புப் பிரிவைக் கவனிக்கும் பேராசிரியை நிர்மலாதேவி அவளைத் தன் அறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"உங்க வூட்ல ரெண்டு பேருமே சேவைக்கு வந்துட்டீங்க. பெருமையா இருக்குங்க."

"ரெண்டு பேருமா?"

"தஸ்லீமோட ஆர்டர் காப்பி நேத்தே சார் குடுத்துட்டாருங்களே. எங்க பைலுக்கு ஒண்ணு. பாருங்க, பேரு ஸ்பெல்லிங் சரியா இருக்கா?"

நிர்மலாதேவி நீட்டிய காகிதத்தை மெஹ்ஜபீன் வாங்கிப் படித்தாள். தஸ்லீம், தந்தை பெயர் முகம்மது கவுஸ். பணி: கடத்தூர் ஒன்றிய ஒருங்கிணைப்பாளர். காலம்: மே மாதம் முதல் பதினொரு மாதங்கள்.

அவள் மறுபடியும் படித்தாள். கடத்தூர் ஒன்றிய ஒருங்கிணைப்பாளர். அந்தப் பதவி ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதில் இருப்பவள் அவள். அந்தக் கடிதத்தின் மாதிரியில் போன வருடம் தப்புப் பார்த்துத் திருத்திக் கொடுத்ததும் அவளேதான்.

"ஸ்பெல்லிங் சரியா இருக்குங்க மேடம்" என்றாள். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

மாதவராஜை வராந்தாவில் தண்ணீர்க் குழாய் அருகே பிடித்தாள்.

"சார், கடத்தூருக்கு நான் இருக்கேன்ல?"

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். பதில் கஷ்டமாக இருந்தால் அவர் செய்வது அதுதான். "மத்தியானம் உன்கிட்ட நிதானமா பேசலாம்னு இருந்தேன்மா."

"இப்பவே நிதானமாத்தான் இருக்கேன். சொல்லுங்க."

"மார்ச்சோட நம்ம ப்ராஜெக்ட் முடியுதுல்ல. அடுத்தது வேற ஆளுங்க குடுக்கறாங்க. புதுசா படிச்சு முடிச்சு வர்றவங்களுக்குத்தான் அதுல இடம் போட்டிருக்காங்க. உன் அனுபவத்துக்கு ஏத்த பதவியே அதுல இல்ல."

"அனுபவம் இருக்கறதால வேலை இல்ல. அதானே சார்?"

"அப்படிச் சொன்னா கஷ்டமா இருக்குல்லம்மா."

"எனக்கு எப்படி இருக்கும்? சரி, விடுங்க. தஸ்லீம எதுக்கு எடுத்தீங்க? ஊர்ல எத்தன பேரு படிச்சு முடிச்சு வர்றாங்க."

"நல்ல புள்ள. ஊரும் தெரியும். அப்பறம்..." அவர் குழாயைத் திறந்து கை கழுவினார். கையில் அழுக்கே இல்லை. "அந்த நம்பரு ஒண்ணு இருக்குதுல்ல. நாப்பத்திரெண்டு ஊர்லயும் அழிச்சு எழுதறது சாமானியமா? எழுதினாலும் ஜனங்க புது நம்பர நம்புவாங்களா? அந்த சிம்மு தங்கச்சி கையில இருந்தா உங்க வூட்டுக்குள்ளயே இருக்கும். உனக்கும் பாரம் குறையும்னு நெனச்சேன்."

வெயிலிலும் மழையிலும் மொபெட்டில் போய், பேசாத அப்பன்களைப் பேச வைத்து, தாசில்தார் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து மூன்று வருடம் ஓடியது. கடைசியில் இவர்களுக்கு அவளிடமிருந்து வேண்டியது ஒரு சிம் கார்டு. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலையா சார்?"

"உங்க வூட்டு நெலமையும் எனக்குத் தெரியும்லம்மா. அதையும் பாத்துத்தான்..."

"எங்க வூட்டு நெலம உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மாதவராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நிர்மலாதேவி கைக்கடிகாரத்தைத் தட்டிக்காட்டிக்கொண்டே வந்துவிட்டார். பிள்ளைகள் உட்கார்ந்து இருபது நிமிஷம் ஆகிவிட்டதாம்.

*

நூற்றைம்பது பெண்கள் இருப்பார்கள். மூன்றாவது வரிசையில் ஓரமாகத் தஸ்லீம். முதல் வரிசையில் மாதவராஜ், பக்கத்தில் நிர்மலாதேவி. மெஹ்ஜபீன் மைக்கைப் பிடித்து எழுதிக் கொடுத்ததில் இரண்டு வரி படித்தாள். மூன்றாவது வரியில் மனநிறைவு வந்தது. அதற்குமேல் அவளால் முடியவில்லை. காகிதத்தை மடித்து மேஜையில் வைத்தாள்.

"இத முழுசா படிச்சா பத்து நிமிஷத்துல முடிஞ்சுடும். நீங்க கை தட்டிட்டு சாப்பிடப் போயிடலாம். எனக்கு அது வேணாம். நான் இந்த வேலையில மூணு வருஷம் இருந்தவ. இருந்தவளாச் சொல்றேன்."

மாதவராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பேங்க் வேலைக்குப் போறவ இன்டர்வியூல கேள்வி கேப்பா. ஜவுளிக் கடைக்குப் போறவகூட வாரத்துக்கு எத்தன நாள் லீவுன்னு கேட்டுட்டுத்தான் சேருவா. எங்க துறைக்கு வர்றவ மட்டும் கேக்க மாட்டா. சேவைக்கு வந்துட்டு சம்பளம் கேட்டா தப்பா நெனச்சுக்குவாங்களோன்னு ஒரு கூச்சம். எனக்கும் அந்தக் கூச்சம் இருந்துச்சு. தயவுசெஞ்சு கேளுங்க. இந்த ப்ராஜெக்ட் எந்த மாசம் முடியுது? முடிஞ்சா நான் என்ன ஆவேன்? பதினொரு மாசம்னு எழுதியிருந்தா அந்தப் பன்னெண்டாவது மாசம் எங்க போச்சுன்னு கேளுங்க."

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. மெஹ்ஜபீன் சிரிக்கவில்லை.

"இன்னொண்ணு. எனக்கு முன்னாடி இந்த நாற்காலில இருந்தது யாரு, அவங்க ஏன் போனாங்கன்னு கேளுங்க. அந்த ஆளுக்கே ஒரு போன் போட்டுப் பேசுங்க. பேசாம ஆர்டர்ல கையெழுத்துப் போடாதீங்க."

சொல்லும்போதே அவள் கண் மூன்றாவது வரிசைக்குப் போனது. தஸ்லீம் தலையைக் குனிந்துகொண்டாள். இவளுக்குத் தெரிந்திருக்கிறதா?

அந்த நேரம் பார்த்து மேஜைமேல் போன் அதிர்ந்தது. குள்ளம்மாள். கடத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் நூறுநாள் வேலைக்குப் போகிறவள், எடுக்காவிட்டால் எடுக்கும்வரை போடுகிற மனுஷி. மெஹ்ஜபீன் மைக்கை விட்டு விலகித்தான் பேசினாள். குள்ளம்மாளின் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை.

"டீச்சரம்மா! எங்கூரு டிரான்ஸ்பார்மரு பொகையா பொகையுது. யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியல!"

"அக்கா, நான் மீட்டிங்ல இருக்கேன். லைன்மேன் நம்பர அனுப்பறேன், பக்கத்துல யாரும் போகாதீங்க."

"செரி கண்ணு. சாப்புட்டியா?"

அரங்கமே கொல்லென்று சிரித்தது. நிர்மலாதேவியும் சிரித்துவிட்டார். மெஹ்ஜபீன் லைன்மேன் நம்பரை அனுப்பிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"சிரிங்க, பரவால்ல. நான் கல்யாணத்த நிறுத்தற வேலைக்குச் சேந்தேன். டிரான்ஸ்பார்மருக்கும் நான்தான், மாட்டு ஆஸ்பத்திரிக்கும் நான்தான். ஏன்னா என் சொந்த நம்பர சுவத்துல எழுத விட்டேன். யாரும் கட்டாயப்படுத்தல, நானேதான் குடுத்தேன். அந்தத் தப்ப நீங்க பண்ணாதீங்க. ஆபீஸ் போன் குடுக்கறவரைக்கும் ஊருக்குள்ள போகாதீங்க."

இதோடு நிறுத்தினால் அது முழு உண்மையாகாது என்று அவளுக்குத் தெரியும்.

"ஆனா இதையும் கேட்டுக்கோங்க. இப்படி மாட்டுக்கும் கரன்ட்டுக்கும் போன் பண்றவங்கள்ல ஒருத்தங்கதான், போன வருஷம் ஒரு நாள் காலைல, 'பக்கத்து வூட்ல ஒம்பதாவது படிக்கற புள்ளைக்கு நாளைக்கு நிச்சயம் பண்றாங்க'ன்னு எனக்கு மட்டும் சொன்னாங்க. யாருன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். அந்தப் புள்ள இப்ப பத்தாவது படிக்குது. கணக்குல நூறு வாங்குவேன்னு என்கிட்ட பந்தயம் கட்டியிருக்குது. மாட்டுக்கு நான் பதில் சொல்லலன்னா அந்தப் புள்ளையப் பத்தி எனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. இந்த வேலை அப்படித்தான். எங்க முடியுது, எங்க ஆரம்பிக்குதுன்னு கோடு கிழிக்க முடியல. அதான் ஆத்திரமா வருது."

முன்வரிசையில் ஒரு பெண் பட்டென்று எழுந்தாள். "மேடம், கடைசியா எங்கள வரச் சொல்றீங்களா, வேணாங்கறீங்களா?"

"வாங்க. கண்ண மூடிட்டு வராதீங்க. எக்ஸெல் கத்துக்கிட்டு வாங்க. இங்கிலீஷ்ல நல்லா ரிப்போர்ட் எழுதப் பழகிட்டு வாங்க. ரிப்போர்ட் எழுதறவங்களத்தான் சேலத்துக்கும் சென்னைக்கும் கூப்புடறாங்க. ஊரத் தெரிஞ்சவங்கள ஊர்லயே விட்டுடறாங்க. நான் ஊரத் தெரிஞ்சவளாவே இருந்துட்டேன். அப்பறம், நாம எல்லாம் ஒரே குடும்பம்னு யாராச்சும் சொன்னா, அந்தக் குடும்பத்துல உடம்பு சரியில்லன்னா சம்பளத்தோட லீவு உண்டான்னு கேளுங்க."

ஒரே குடும்பம் என்பது மாதவராஜ் வாரத்துக்கு நாலு தரம் சொல்வது. அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. மெஹ்ஜபீனுக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

அரை மணி கழித்து மாதவராஜ் ஒரு கத்தைக் காகிதத்தோடு அவளிடம் வந்தார். "இருபது பேரு கேட்டேன். இருபத்தாறு பேரு எழுதிக் குடுத்திருக்காங்க."

"சந்தோஷம் சார்."

"எங்க சந்தோஷம்? ஒவ்வொருத்தியும் பேருக்குக் கீழ கேள்வி எழுதி வெச்சிருக்கா. பன்னெண்டாவது மாசம் எங்கன்னு ஒம்பது பேரு கேட்டிருக்காங்க." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "நானும் இப்படி ஒரு டிரஸ்ட்ல சைக்கிள் மிதிச்சவன்தான்மா. எனக்கு யாரும் கேளுன்னு சொல்லித் தரல. நாலு பேரு முன்னாடி என்ன நிக்க வெச்சிட்டியே."

அவர் உண்மையாகவே வலித்துத்தான் சொன்னார். அது மெஹ்ஜபீனின் எரிச்சலை இன்னும் கிளறியது. ஒருத்தர் முழுக்கக் கெட்டவராக இருந்தால் எவ்வளவு வசதி!

*

தஸ்லீம் வண்டி நிறுத்துமிடத்தில் அக்காவின் மொபெட் அருகே நின்றுகொண்டிருந்தாள். மணி மூன்றே முக்கால்.

"இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் இருக்கு" என்றாள் மெஹ்ஜபீன். "இங்கயே, என் முன்னாடியே அந்த மெயில அனுப்பு. பேங்க்குக்குச் சரின்னு போடு."

"அனுப்பிட்டேன் ஆபா."

"எப்போ?"

"காலைல பஸ்ல வரும்போதே. வேண்டாம்னு அனுப்பிட்டேன்."

மெஹ்ஜபீன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"நீ பேசறதக் கேட்டா எனக்கு மனசு மாறிடுமோன்னு பயம். அதான் முன்னாடியே அனுப்பிட்டேன்." தஸ்லீம் வண்டிக் கண்ணாடியைத் துடைத்தாள். "ரெண்டு மணி நேரம் பொறுத்திருந்தா நான் அனுப்பியிருக்க மாட்டேனோ என்னமோ. தெரியல. நீ அந்தப் பத்தாவது புள்ளையப் பத்தி சொன்னதும் அனுப்பினதே சரின்னும் தோணுச்சு."

"அறிவு இருக்காடி உனக்கு? அது யாரு வேலைன்னு தெரியுமா? என் வேலைடி! என்ன எடுத்துப் போட்டுட்டு உன்ன உக்கார வெக்கறாங்க!"

"நீதானே விலகறேன்னு சொன்ன?"

"நானா?"

"மாதவராஜ் சார் அப்படித்தான் சொன்னாரு. ஜபீனுக்கு நிச்சயம் ஆகப் போகுது, மார்ச்சோட விலகறா, அவ வெளிய சொல்ல சங்கடப்படறா, நீயும் கேக்காதன்னாரு. நீ வீட்டுல வாயே தொறக்கல. கிருஷ்ணகிரி போனதும் அம்மி வேற இடம் பாத்துட்டாங்கன்னு நெனச்சு நானும் கேக்கல. இன்னிக்கு நீ மேடையில பேசினப்பதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது."

"எனக்கு எங்கடி நிச்சயம்? கிருஷ்ணகிரிக்காரன் ஓடியே போயிட்டான். இவரா ஏன் அப்படி ஒரு கதை கட்டணும்?"

தஸ்லீம் தயங்கினாள். சுற்றிலும் பார்த்தாள். பெண்கள் வண்டி எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள்.

"அவரு கட்டல ஆபா. மேடம் ரூம்ல இப்பதான் நானே அவரப் புடிச்சுக் கேட்டேன். அம்மிதான் அவருக்குப் போன் பண்ணாங்களாம். கிருஷ்ணகிரிக்காரங்க வேணாம்னு சொன்ன அன்னிக்கே. 'நிச்சயம் பண்ணப் போறோம், எம் பொண்ண மார்ச்சோட விட்டுடுங்க, நான் சொன்னேன்னு அவகிட்டச் சொல்லாதீங்க'ன்னு அழுதாங்களாம்."

மெஹ்ஜபீன் மொபெட்டை எடுத்தாள். தஸ்லீம் பின்னால் உட்கார்ந்தாள். நாலு ரோடு சிக்னல், பழைய பஸ் ஸ்டாண்டு நெரிசல் எல்லாம் கடந்து வீட்டுக்கு வந்தார்கள்.

*

ஜான் பீ வாசலிலேயே காத்திருந்தாள். கையில் ஜிலேபிப் பொட்டலம். பக்கத்து வீடுகளுக்கு ஏற்கெனவே போய்விட்டு வந்த அடையாளமாகப் பொட்டலம் பாதிதான் இருந்தது.

"வந்தாச்சா பேங்க் ஆபீசரு? மெயில அனுப்பிட்டியா? வாயத் தொற." தஸ்லீமின் வாயில் ஒரு துண்டைத் திணித்தாள். தஸ்லீம் மெல்லாமல் அப்படியே நின்றாள்.

"அம்மி, மாதவராஜ் சாருக்கு நீங்க போன் பண்ணீங்களா?"

ஜான் பீயின் முகம் மாறியது. மறைக்கத் தெரியாத முகம் அது.

"ஒரே ஒரு தடவதான் பண்ணேன். உன்கிட்டச் சொல்லிட்டாரா? சொல்ல மாட்டேன்னு சொன்னாரே அந்த மனுஷன்!" உடனே குரல் ஏறியது. "ஆமா, பண்ணேன். என்ன தப்பு? ஊர்ல இருக்கற புள்ளைங்க கல்யாணத்துக்கு நீ ஓடற. உன் கல்யாணத்துக்கு நான் ஓட வேணாமா? இருபத்தஞ்சு முடிஞ்சு போச்சு. உன் வயசுப் பொண்ணுங்க இடுப்புல புள்ளையோட வர்றதப் பாத்தா எனக்கு வயிறு எரியுது."

"நீங்க கேட்ட மாதிரியே பண்ணிட்டாரு. மார்ச்சோட என்ன விட்டுட்டாரு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் ஜான் பீ. உண்மையாகவே நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். "கோவப்படு, பரவால்ல. ஒரு வருஷம் என்கிட்டப் பேசாத. நல்லா இருந்தா போதும்."

"என் இடத்துக்கு ஆளும் எடுத்துட்டாரு."

"யார எடுத்தா நமக்கென்ன?"

மெஹ்ஜபீன் தங்கையைப் பார்த்தாள். தஸ்லீம் வாயில் இருந்ததைக் கஷ்டப்பட்டு விழுங்கினாள். பையைத் திறந்து அந்த ஆர்டரை எடுத்து நீட்டினாள்.

ஜான் பீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். விரலை வைத்து, உதட்டை அசைத்து, கணவன் பெயரில் ஒரு நொடி நின்று, அப்புறம் அதற்கு மேலே இருந்த பெயருக்குப் போனாள். இரண்டு தரம் படித்தாள். ஜிலேபிப் பொட்டலத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் மொபெட் சீட்டின்மேல் வைத்தாள்.

"பேங்க்கு?"

"வேணாம்னு அனுப்பிட்டேன் அம்மி" என்றாள் தஸ்லீம்.

ஜான் பீ அழுவாள், அடிப்பாள், மயங்கி விழுவாள் என்று மெஹ்ஜபீன் எதையெதையோ எதிர்பார்த்தாள். அவள் எதுவும் செய்யவில்லை. உள்ளே போனாள், தன் பழைய பட்டன் போனோடு திரும்பி வந்தாள்.

"யாருக்குப் போடறீங்க?"

"அந்த சாருக்குத்தான். நான் ஒருத்திய விடச் சொன்னா இன்னொருத்தியப் புடிச்சுப் போட்டுக்கிட்டாரா?" பட்டனை ஒவ்வொன்றாக அழுத்தினாள். "சின்னவள விட்டுடுங்கன்னு சொல்றேன். பேங்க்குல காலுல விழுந்தாச்சும் திரும்பக் கேட்டுக்கறேன். பெரியவளையே திருப்பி எடுத்துக்கோங்க, எத்தன வருஷம் வேணும்னாலும் வெச்சுக்கோங்கன்னு சொல்றேன்."

"அம்மி, அப்படி ஒண்ணும் பண்ணாதீங்க! எனக்கு அந்த வேலை வேணும்!" என்று தஸ்லீம் கத்தினாள். "ஆபா, சொல்லு அவங்ககிட்ட!"

மறுமுனையில் மணி அடிப்பது வெளியே கேட்டது. மெஹ்ஜபீன் நின்ற இடத்திலிருந்து அந்தப் போன் ஒரு கை தூரத்தில்தான் இருந்தது. பிடுங்கியிருக்கலாம். பிடுங்க வேண்டும் என்றும் அவளுக்குத் தெரியும்.

"சொல்லுங்கம்மா" என்றது மாதவராஜின் குரல்.

மெஹ்ஜபீன் கையை நீட்டவில்லை. அவள் நீட்டாததைத் தஸ்லீம் பார்த்துக்கொண்டே நின்றாள்.